அல்ஜீப்ரா டைல்ஸ்: இரண்டு பெட்டி வாங்கியவளின் அனுபவம்

முதலில் வாங்கிய பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் இரண்டாவது பெட்டியை நான் ஏன் இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்பது புரியும்.

அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் இயற்கணிதம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "சித்தி, எழுத்தையும் நம்பரையும் எதுக்குக் கூட்டணும்? கூட்டினா என்ன வரும்?" என்றாள். எனக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. எழுத்து என்றால் ஒரு கை பார்ப்பேன். அதே எழுத்து கணக்குக்குள் நுழைந்துவிட்டால் எனக்குப் பள்ளிக்கூட வயிற்றுவலி திரும்ப வந்துவிடும். "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்ற ஒற்றை மந்திரத்தை வைத்துப் பரீட்சைகளை ஒப்பேற்றியவள் நான். ஏன் மாறும் என்று அன்றைக்கும் தெரியாது, அந்த வாரம் வரைக்கும் தெரியாது. அதனால் இணையத்தில் தேடி, கையால் தொட்டு நகர்த்தி இயற்கணிதம் படிக்கலாம் என்று போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் டைல்ஸ் பெட்டியை வரவழைத்தேன்.

உள்ளே மூன்று வகைச் சில்லுகள். சின்னச் சதுரம்; அது 1. பட்டையான குச்சி, அது எக்ஸ். பெரிய சதுரம், அது எக்ஸின் வர்க்கம். நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் குச்சிக்குப் பக்கத்தில் சின்னச் சதுரங்களை வரிசையாக அடுக்கிவிட்டாள். ஐந்தாவது சதுரம் குச்சியின் முனையோடு மயிரிழை பிசகாமல் வந்து நின்றது.

"சித்தி, எக்ஸ்னா அஞ்சு."

"இல்லடி, எக்ஸ் எவ்வளவு வேணும்னாலும் இருக்கலாம்."

"அப்புறம் ஏன் அஞ்சு கரெக்டா உக்காருது?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஒரு வாரம் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் எக்ஸ் = 5 என்று எழுதி வைத்தாள். அதில் ஒரு கணக்குக்கு விடை உண்மையிலேயே 5. அதோடு என் வாதம் செத்தது. பெட்டியைத் திருப்பி அனுப்பினேன்.

இந்தச் சில்லுகளை விவரம் தெரிந்து செய்கிறவர்கள் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. குச்சியின் அகலம் சின்னச் சதுரத்தின் பக்கத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். நீளம் மட்டும் அந்தப் பக்கத்தின் முழு மடங்காக வந்துவிடக் கூடாது. இரண்டாவது பெட்டி வந்ததும் முதல் வேலையாக ஸ்கேலை எடுத்து அளந்தேன். சின்னச் சதுரம் 2 செ.மீ.; குச்சி 10.7 செ.மீ. ஐந்து சதுரம் வைத்தால் குறைகிறது, ஆறு வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கிறது. அவளும் அடுக்கிப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், "இது எவ்வளவுன்னு தெரியல சித்தி" என்றாள். தெரியாத ஒன்றுக்கு ஒரு உருவம் கொடுத்து மேஜை மேல் வைத்தாயிற்று. இயற்கணிதத்துக்கு அங்கேதானே ஆரம்பம்.

இனி இந்தப் பெட்டி. பெரிய சதுரம் 4, குச்சி 8, சின்னச் சதுரம் 30. கூடவே நடுவில் பெரிய சமக்குறி போட்ட ஒரு விரிப்பு, 32 பக்கக் கையேடு. சில்லுகள் ஃபோமில் செய்தவை. பிளாஸ்டிக் மாதிரி கடகடவென்று சத்தம் போடாது, ராத்திரி பத்து மணிக்கும் அடுத்த அறையை எழுப்பாமல் கணக்குப் போடலாம். முதல் இரண்டு நாள் ஒரு ரப்பர் வாடை இருந்தது, ஜன்னலோரம் வைத்ததும் போய்விட்டது. மேல்பக்கம் சதுரம் மஞ்சள், குச்சி பச்சை, பெரிய சதுரம் நீலம். எதைத் திருப்பிப் போட்டாலும் பின்பக்கம் சிவப்பு. சிவப்பு என்றால் மைனஸ்.

சில்லுகளின் மேல் எழுத்து எதுவும் அச்சிடவில்லை. முதலில் குறையாகத் தோன்றியது, பிறகு அதுவே வசதியாகிவிட்டது. தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று வைக்கும் வழக்கம் பிரெஞ்சுக் கணித அறிஞர் டெக்கார்ட் 1637-இல் செய்தது. அவர் வேறு எழுத்தை எடுத்திருந்தால் இன்றைக்கு நாம் அதைத்தான் எழுதிக்கொண்டிருப்போம். நாங்களும் எங்களுக்கு ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுத்தோம். 'க' வைக்கலாம் என்றாள். தமிழ் எண்ணில் 1 எழுதினால் பார்க்க 'க' மாதிரியே இருக்கும், குழப்பம் வேண்டாம் என்று என் தொழில்புத்தி தடுத்தது. கடைசியில் மாறிக்கு 'ம'. 12-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணித அறிஞர் பாஸ்கரர் தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயரை வைத்து, முதல் எழுத்தை மட்டும் எழுதினார்: கறுப்புக்குக் 'கா', நீலத்துக்கு 'நீ'. நிறம் நிறமாகச் சில்லு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு இது பிடித்துப்போயிற்று. கீழே நான் எழுதும் கணக்குகளிலும் 'ம' என்றே வைத்துக்கொள்கிறேன்.

விரிப்பைத்தான் நான் முதலில் மட்டமாக எடைபோட்டேன். நடுவில் சமக்குறி போட்ட ஒரு துணி, இதற்கு என்ன பெருமை என்று நினைத்தேன். ஒரு சோதனையாக 8 + 4 = ___ + 5 என்று எழுதிக் கொடுத்தேன். யோசிக்காமல் கோட்டில் 12 என்று எழுதினாள். பக்கத்திலிருந்த + 5 அவள் கண்ணிலேயே படவில்லை. ஆரம்ப வகுப்பிலிருந்து சமக்குறி என்றால் "இதோ விடை" என்றுதானே பழகியிருக்கிறாள். கால்குலேட்டரில் அந்தப் பொத்தானைத் தட்டினால் விடை வருகிற மாதிரி. அந்த நினைப்போடு 3ம + 2 = ம + 8 என்பதைப் பார்த்தால் ஒன்றுமே புரியாது. வலப்பக்கத்தில் இருப்பது விடை மாதிரியே இல்லையே!

அதையே விரிப்பில் போட்டோம். இடப்பக்கம் எட்டும் நான்கும், வலப்பக்கம் ஐந்தும். "ரெண்டு பக்கமும் ஒரே அளவா ஆகணும், எவ்வளவு போடணும்?" எண்ணி எண்ணி ஏழு மஞ்சள் வைத்தாள். வைத்துவிட்டு நோட்டில் இருந்த 12-ஐத் தானே அடித்தாள். இந்தச் சமக்குறியை 1557-இல் முதலில் அச்சில் கொண்டுவந்தவர் வேல்ஸைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்டு என்ற மருத்துவர். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறு எது என்பது அவர் நியாயம். அவர் போட்ட குறி இன்றைக்கு நாம் போடுவதைவிட நன்றாக நீளமாக இருக்கும். அதைப் படத்தில் பார்த்தபோது, இவ்வளவு பெரிய குறியை யார் கவனிக்காமல் விடுவார்கள் என்று தோன்றியது. பிற்பாடு அதைக் குறுக்கிய அச்சுக்காரர்கள்மேல், அதாவது என் கூட்டத்தின்மேல், கொஞ்சம் கோபம்கூட வந்தது.

சரி, சமன்பாட்டுக்கு வருகிறேன். 2ம + 3 = 11. இடப்பக்கம் இரண்டு பச்சைக் குச்சி, மூன்று மஞ்சள். வலப்பக்கம் பதினொரு மஞ்சள். இரண்டு பக்கத்திலிருந்தும் மூன்று மூன்று மஞ்சளை எடுத்தாள். இரண்டு குச்சிக்கு எட்டு மஞ்சள் மீதி. சீட்டு போடுகிற மாதிரி குச்சிக்கு ஒன்று, குச்சிக்கு ஒன்று என்று பங்கு போட்டாள். ஆளுக்கு நான்கு. ம = 4. சரிபார்க்கச் சொன்னேன்: இரண்டு நான்கு எட்டு, மூன்று சேர்த்தால் பதினொன்று.

இது சாதாரணக் கணக்குதான். ஆனால் இதற்கு முந்தைய வாரம் அவள் நோட்டில் 3ம = 12 என்ற கணக்குக்கு ம = 9 என்று இருந்தது. எப்படி என்று கேட்டால், "3 அந்தப் பக்கம் போச்சுல்ல, மைனஸ் 3 ஆயிடும், 12-ல 3 போனா 9" என்றாள். மந்திரத்தை அவள் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறாள். மந்திரம்தான் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அவளுக்குச் சொல்லவில்லை. விரிப்பில் மூன்று குச்சியையும் பன்னிரண்டு மஞ்சளையும் வைத்ததும், கழிப்பதற்கு அங்கே மூன்று மஞ்சள் இடப்பக்கம் இல்லவே இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இருப்பது மூன்று குச்சி. மூன்று பங்குதான் போட முடியும். "ஓ, இது போறது இல்ல, பிரிக்கிறது" என்றாள். நான் பிழைதிருத்தக் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு பெரியவர், பிழையை அடிக்காதே, அது எங்கிருந்து வந்தது என்று பார் என்பார். இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று பார்க்க எனக்கு மேஜை மேல் சில்லு தேவைப்பட்டது.

அப்புறம் சிவப்பு. ம − 4 = 3. இடப்பக்கம் ஒரு குச்சியும் நான்கு சிவப்பும், வலப்பக்கம் மூன்று மஞ்சள். எடுப்பதற்கு வழியில்லை, வலப்பக்கம் சிவப்பே கிடையாது. எடுக்க முடியாவிட்டால் சேர்க்கலாம். இரண்டு பக்கமும் நான்கு மஞ்சள் சேர்த்தோம். இடப்பக்கத்தில் ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து பூஜ்யமாகி விரிப்பைவிட்டு இறங்கின. மீதி ஒரு குச்சி. வலப்பக்கம் மூன்றும் நான்கும் ஏழு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு மைனஸாக இங்கே இருந்தது, பிளஸாக அங்கே முளைத்திருக்கிறது. எதுவும் எந்தப் பக்கமும் போகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே காரியத்தைச் செய்தோம், ஒரு பக்கம் அது பூஜ்யமாகிக் கண்ணுக்கு மறைந்துவிட்டது, இன்னொரு பக்கம் தெரிகிறது. அவ்வளவுதான் அந்த "குறி மாறும்" ரகசியம். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இது விளங்கியது. அவள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

இயற்கணிதத்துக்கு அல்ஜீப்ரா என்ற பெயரே இந்த வேலையிலிருந்து வந்ததுதான். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி, சமன்பாட்டில் கழிந்து நிற்பதைச் சேர்த்து நிரப்புவதற்கு 'அல்-ஜப்ர்' என்றார். உடைந்த எலும்பைச் சேர்த்து வைப்பதற்கும் அரபியில் அதே சொல். இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பதை நேருக்கு நேர் கழித்துவிடுவதற்கு 'அல்-முகாபலா'. ம − 4 = 3-இல் நாங்கள் செய்தது முன்னது. 3ம + 2 = ம + 8-இல் இரு பக்கமும் ஒரு குச்சியை எடுத்தது பின்னது. எடுத்தால் 2ம + 2 = 8, இரண்டு மஞ்சளையும் எடுத்தால் 2ம = 6, பங்கு போட்டால் 3.

3 − (−2) என்பதை இந்தச் சில்லில் பாருங்கள், மீதிக் கணக்கெல்லாம் அப்புறம். மூன்று மஞ்சள் வைத்திருக்கிறோம். அதிலிருந்து இரண்டு சிவப்பை எடுக்க வேண்டும். சிவப்பே இல்லை. அவள் திருதிருவென்று விழித்தாள். "பூஜ்யத்தைக் கொண்டு வந்தா மதிப்பு மாறுமா?" என்று கேட்டேன். மாறாது. அப்படியானால் இரண்டு பூஜ்ய ஜோடியைக் கொண்டு வா. வந்தன, இரண்டு மஞ்சள், இரண்டு சிவப்பு. இப்போது இரண்டு சிவப்பை எடு. மேஜையில் ஐந்து மஞ்சள். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று சொல்லித் தந்த எந்த ஆசிரியரிடமும் நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த ஐந்து மஞ்சளைக் காட்டியிருப்பார்களோ என்னவோ. 628-இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் சொல்லி இதற்கெல்லாம் விதி எழுதியிருக்கிறார். கடனை எடுத்துவிட்டால் கையிருப்பு கூடத்தானே செய்யும்.

அடைப்புக்குறிக்கு அதிக நேரம் ஆகவில்லை. 2(ம + 3) என்றால் 2ம + 3 என்று எழுதுவது அவளுக்குப் பழக்கம். ஒரு குச்சியும் மூன்று மஞ்சளும் ஒரு வரிசை, அதே மாதிரி இன்னொரு வரிசை. எண்ணினால் மஞ்சள் ஆறு. ஒரே நாளில் அந்தப் பழக்கம் போயிற்று, அப்புறம் வரவில்லை.

காரணிப்படுத்துதலில்தான், அதாவது ஒரு கோவையை இரண்டின் பெருக்கலாகப் பிரித்து எழுதுவதில்தான், இந்தப் பெட்டி தன் வித்தையைக் காட்டியது. ம² + 5ம + 6. ஒரு நீலச் சதுரம், ஐந்து குச்சி, ஆறு மஞ்சள். இந்தப் பன்னிரண்டு சில்லையும் ஓட்டை இல்லாத ஒரு செவ்வகமாக அடுக்க வேண்டும். நீலத்தை மேல் மூலையில் வைத்து, எதிர்மூலையில் ஆறு மஞ்சளையும் ஒரே வரிசையாக வைத்துப் பார்த்தாள். இடையில் உள்ள இடத்தை நிரப்ப ஏழு குச்சி வேண்டும், இருப்பது ஐந்து. கலைத்தாள். மஞ்சளை இரண்டுக்கு மூன்றாக அடுக்கினாள். ஒரு பக்கம் இரண்டு குச்சி, இன்னொரு பக்கம் மூன்று குச்சி, கச்சிதமாகப் பொருந்தியது. செவ்வகத்தின் ஒரு பக்கம் ம + 2, மறுபக்கம் ம + 3. பெருக்கினால் 6 வர வேண்டும், கூட்டினால் 5 வர வேண்டும் என்று நாங்கள் மனப்பாடம் செய்த விதி, மஞ்சளை அடுக்குகிற விதமும் குச்சிகளின் எண்ணிக்கையுமாக மேஜையில் கிடந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ம² + 7ம + 12, ம² + 6ம + 9 என்று அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஒன்பதுக்குச் சதுரமே வந்ததும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

அல்-குவாரிஸ்மியின் புகழ்பெற்ற கணக்கு ஒன்றையும் அடுக்கிப் பார்த்தோம்: ம² + 10ம = 39. அவரும் இதற்குப் படம்தான் வரைந்தார். நீலச் சதுரத்தின் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து குச்சியாக வைத்தால் மூலையில் ஒரு பள்ளம் விழும். அதை நிரப்ப 25 மஞ்சள் வேண்டும். நிரப்பினால் முழுச் சதுரம். 39-உடன் 25 சேர்ந்து 64; ஆகவே பக்கம் 8; அதில் 5 போனால் ம = 3. −13-ம் பொருந்தும், ஆனால் அது நீளமாக இருக்க முடியாது என்பதால் அவர் கணக்கில் அதற்கு இடமில்லை. இங்கேதான் பெட்டியின் முதல் குறை வெளியே வந்தது. குச்சி எட்டுதான் இருக்கிறது, பத்து வேண்டும். ஒரு பழைய அட்டையை வெட்டி இரண்டு குச்சி செய்துகொண்டோம். அட்டைக் குச்சியும் ஃபோம் குச்சி செய்த வேலையை அப்படியே செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்றக் குறைகள். இரண்டாவது வாரம் அவள் கேட்டாள்: "சித்தி, ம 4-னு விடை வந்துச்சு. குச்சி மட்டும் ஏன் அஞ்சு சதுரத்தை விடப் பெருசா இருக்கு?" நியாயமான கேள்வி. குச்சியின் நீளம் மாறாது, மாறியின் மதிப்பு கணக்குக்குக் கணக்கு மாறும். எந்தச் சில்லாலும் இதைச் சரிசெய்ய முடியாது. நான் செய்தது என்னவென்றால், காலித் தீப்பெட்டிகளில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு மூடி, குச்சிக்குப் பதில் அவற்றை விரிப்பில் வைத்தேன். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை, எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. கணக்கை முடித்ததும் திறந்து பார்க்கலாம். விடை சரியாக வந்ததும் பெட்டியைத் திறக்கிற அந்த நிமிடம் இருக்கிறதே, எந்த விடைப்பக்கமும் அதற்கு ஈடாகாது. முதல் சில சமன்பாடுகளுக்குத் தீப்பெட்டி, அடைப்புக்குறியும் காரணிகளும் வந்தால் டைல்ஸ் என்பது என் சிபாரிசு.

கழித்தல் குறியோடு பெருக்கல் வரும்போது தடுமாற்றம். (ம − 2)(ம − 3) போட்டால் நீலத்தின் இரு ஓரமும் சிவப்புக் குச்சி, மூலையில் மட்டும் மஞ்சள். மைனஸ் பரப்பு என்றால் என்ன என்று அவள் கேட்டாள், நான் தண்ணீர் குடிக்கப் போனேன். பின்னம் வந்தால் இந்தப் பெட்டி கை விரித்துவிடும். மூன்றில் ஒரு குச்சியை எப்படி வைப்பது? ம = 47 மாதிரிப் பெரிய விடைக்கு மஞ்சள் போதாது. மூன்றாம் படி என்றால் கனசதுரம் வேண்டும், தட்டைச் சில்லில் அது நடக்காது.

கையேடு தனிக்கதை. முதல் பாதியில் படங்கள் தெளிவு. பதினோராம் பக்கத்தில் ஒரு விடைக்குக் குறி தவறு, விரிப்பில் அடுக்கிப் பார்த்து அவள்தான் கண்டுபிடித்தாள். மெய்ப்புக்காரி நான் கவனிக்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு, ஒத்த உறுப்புகளை, அதாவது 3ம, 2ம மாதிரி ஒரே எழுத்தோடு வருகிறவற்றை, விளக்கும் இடத்தில், எழுத்து என்பது ஒரு பொருள், அதாவது பேனா என்று வைத்துக்கொள், மூன்று பேனாவும் இரண்டு பேனாவும் ஐந்து பேனா என்று எழுதியிருக்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த எழுத்து ஓர் எண்ணைக் குறிக்கிறது, பேனாவை இல்லை. மூன்று பேனாவை இரண்டு பேனாவால் பெருக்கினால் என்ன வரும்?

இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஒரு கல்லூரியில் ஒரு பேராசிரியருக்கு 6 மாணவர்கள். மாணவர் எண்ணிக்கை 'மா', பேராசிரியர் எண்ணிக்கை 'பே'. சமன்பாடு எழுதுக. பெரியவர்கள்கூட 6மா = பே என்று எழுதிவிடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன், பேனாவால், அழுத்தமாக. பத்துப் பேராசிரியர் என்றால் அறுபது மாணவர்; ஆகவே மா = 6பே. 'மா' என்பதை 'மாணவர்' என்று படித்தால் "6 மாணவர் = ஒரு பேராசிரியர்" என்று வாய் தானாகச் சொல்லும். அது எண்ணிக்கை என்று நினைத்துப் படித்தால்தான் தப்பிக்கலாம். வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக மாற்றும் இந்த வித்தைக்கு டைல்ஸ் ஒரு உதவியும் செய்யாது. அதற்குச் சின்ன எண்ணைப் போட்டுச் சரிபார்க்கிற பழக்கம் ஒன்றுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

பயன்படுத்துகிற விதத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன். முதல் பத்து நாள் அவள் அடுக்கினாள், விடை சொன்னாள், நான் மகிழ்ந்தேன், நோட்டைத் தொடவே இல்லை. பள்ளியில் தேர்வு வைத்தார்கள். சில்லு இல்லாமல் ஒன்றும் ஓடவில்லை, பழைய மாதிரியே 9 என்று எழுதிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு கட்டளை: விரிப்பில் ஒரு நகர்த்தல் செய்தால் நோட்டில் ஒரு வரி. மூன்று மஞ்சள் எடுத்தாயா, இரண்டு பக்கமும் − 3 என்று எழுது. ஜோடியாக இறங்கியதா, அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போ. முணுமுணுத்தாள். நான்காவது வாரத்தில் ஒரு நாள் பார்த்தால் வரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன, கை விரிப்பின் ஓரத்தைச் சும்மா தட்டிக்கொண்டிருக்கிறது. மைனஸ் குறி வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, இரண்டு சிவப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப எழுதினாள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குச்சி எட்டே வைத்ததற்காக அரை, அந்தப் பேனாவுக்காக அரை குறைத்தாயிற்று. காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் கெட்டி அட்டையில் தாங்களே வெட்டிக்கொள்ளலாம்: சதுரம் 2 செ.மீ., குச்சி 2-க்கு 10.7, பெரிய சதுரம் 10.7-க்கு 10.7. ஒரு பக்கம் சிவப்புக் காகிதம் ஒட்டிவிடுங்கள். குச்சி ஒரு டஜனாவது வெட்டுங்கள்.

எங்கள் பெட்டியில் இப்போது மஞ்சள் இருபத்தொன்பதுதான். ஒன்று அலமாரிக்கு அடியில் போய்விட்டது. "30 − 1 = 29, சித்தி. ம எங்கேயும் இல்ல, இதை நீங்களே போடலாம்" என்கிறாள்.